பெரிய பெட்டியும் வெள்ளைத் துண்டும்

தலவாக்கலை ஸ்டேஷனில் இறங்கும்போதே மழை... தூறல்தான் என்று நம்ப வைத்து ஏமாற்றுகிற மழை. குடையை விரிப்பதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் தலை முழுக்க நனைந்துவிடும்.

கிருஷாந்திக்குத் தலையைப் பற்றிக் கவலையில்லை. ரயிலின் பார்சல் பெட்டியிலிருந்து இறக்கி வைத்த அந்த நீளமான பலகைப் பெட்டியைப் பற்றித்தான் கவலை. ஓர் ஆள் படுத்தாலும் மிச்சம் இருக்கிற நீளம். மழைக்காகக் கறுப்புப் பொலித்தீன் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஆட்டோக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பெட்டியை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை... சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு சின்ன லொறி வெறுமையாக நின்றது. கதவில் 'கஜேந்திரன் ஹார்ட்வெயார்' என்று எழுதியிருந்தது. அதே கதவில் சாய்ந்துகொண்டு ஒருவன், வந்திருக்க வேண்டிய ஆணிப் பெட்டி வரவில்லை என்று போனில் யாரிடமோ முறையிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே... வட்டகொடைப் பக்கம் போவீங்களா?"

திரும்பினான். அவ்வளவுதான், பேசிக்கொண்டிருந்தது மறந்துபோயிற்று. அவள் இமையில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது... அது விழுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான். போனுக்குள் யாரோ ஹலோ, ஹலோ என்று கத்திக் களைத்துப்போனார்கள்.

பெட்டியில் என்ன என்று கேட்டான். வாத்தியம் என்றாள்.

"இம்புட்டுப் பெருசாவா? வாசிக்கிறவங்களும் உள்ளதான் இருக்காங்களா?"

"வாசிக்கிறவ வெளியதான் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறா. ஏத்துவீங்களா, மாட்டீங்களா?"

ஏற்றினான். அவன்தான் கோகுலராஜ், அந்த ஹார்ட்வெயார் கடை முதலாளி கஜேந்திரனின் ஒரே மகன். கல்லாவில் உட்கார்ந்தால் ஒரு கதவுப் பிணைச்சலுக்குக்கூட விலை குறைக்காதவன், எதற்கு இந்தப் பெண்ணுக்காக வட்டகொடை வரைக்கும் வெறும் வண்டியை ஓட்ட வேண்டும்? அவனுக்கே தெரியவில்லை.

லொறியைவிடப் பெட்டி நீளம். பின்பக்கம் ஒரு முழத்துக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படி நீட்டினால் நுனியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பொலிஸ்காரர் மறிப்பார். சீட்டுக்குப் பின்னால் துழாவினான். சிவப்பு கிடைக்கவில்லை. முகம் துடைக்கிற வெள்ளைத் துண்டுதான் கிடைத்தது. அதையே கட்டிவிட்டான்.

அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். மெதுவாகப் போக வேண்டும்... ஆட்டம் விழுந்தால் மரம் வெடித்துவிடும்.

மெதுவாகத்தான் போனான். சந்தியைத் தாண்டியதும் பனி மூடிக்கொண்டது. லைட்டைப் போட்டுக்கொண்டான். விடிவதற்கு முன்பே கொழும்பில் ரயிலேறிய களைப்பில், மழைச் சட்டையின் தொப்பியை முகம் வரை இழுத்துவிட்டு, ராசம்மா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள் என்று அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டு, கண்ணாடியில் சாய்ந்து அவள் தூங்கிப்போனாள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீளமான பெட்டி. வெள்ளைத் துணி. பட்டப்பகலில் லைட் போட்டு ஊர்ந்து போகிற வண்டி. மலைநாட்டில் இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் சிலசமயம் இப்படித்தான் திரும்பி வருவார்கள். பஜாரில் பிறந்து வளர்ந்த கோகுலராஜுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் உள்ளே வாத்தியம்தான் இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு அந்த நினைப்பு எப்படி வரும்?

தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ரோட்டோரம் நின்றார்கள். வழி விடுகிறார்களாக்கும் என்று எண்ணி, இந்தப் புத்திசாலி கையைத் தூக்கி வணக்கம் வேறு சொன்னான்.

தோட்டத்து முச்சந்தியில் பேச்சியம்மா என்கிற பெண் வண்டியை நிறுத்தினாள்.

"யாரு வீட்டுக்குத் தம்பி?"

"ராசம்மா வீட்டுக்கு."

"கொழும்புல இருந்தா வருது?"

"ஆமாங்க. அங்க இருந்துதான்."

பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கூட நின்றவர்கள் போனை எடுத்தார்கள். கிருஷாந்தியின் போனோ ரயிலில் வரும்போதே சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டிருந்தது. லொறி ஊர்ந்துகொண்டிருந்தது... சேதி பறந்துவிட்டது.

*

கிருஷாந்தி கண் விழித்தது அழுகைச் சத்தத்தில். லொறி அவர்கள் லயத்தின், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளின், வாசலில் நின்றது. சுற்றிலும் ஜனம். பின்னால், பெட்டியின்மேல் விழுந்து யாரோ பாடி அழுதுகொண்டிருந்தார்கள். அந்தக் குரல்... அம்மாவின் குரல்.

"பட்டணந்தான் போனவளே, எம்மகளே
பாட்டுப் படிச்சு வாரேன்னியே
டீச்சரம்மா ஆவேன்னு சொல்லிப்புட்டு
பெட்டிக்குள்ள வந்தியாடி..."

அவளால் அசைய முடியவில்லை. இந்த அம்மா அவளை ஒரு நாளும் வாயாரப் புகழ்ந்ததில்லை. பரீட்சையில் பாஸாகிவிட்டு வந்தபோதுகூட, அடுப்பில் தண்ணி கொதிக்குது பார் என்றுதான் சொன்னாள். இப்போது ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் பாடிக்கொண்டிருந்தாள்... மகளின் விரல், மகளின் குரல், மகளின் படிப்பு. இவளுடைய அப்பாவும் ஒருநாள் கொழும்பிலிருந்து இப்படித்தான் வந்தார். அம்மாவுக்கு இந்த அழுகை புதிதல்ல.

கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கூட்டம் அலறிக்கொண்டு பின்வாங்கியது. ராசம்மா எழுந்தாள். மகளின் கன்னத்தைத் தொட்டாள், மூக்கைத் தொட்டாள். பிறகு பளாரென்று ஓர் அறை... அறைந்த கையாலேயே இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லோரும் கோகுலராஜின் பக்கம் திரும்பினார்கள். அவன் நியாயம் சொல்லப் பார்த்தான். மெதுவாகப் போகச் சொன்னது யார்? போனை அணைத்து வைத்துக்கொண்டு தூங்கியது யார்? வெள்ளைத் துண்டைக் கட்டியது யார் என்று கிருஷாந்தி திருப்பிக் கேட்டாள். உயிரோடு இருப்பவளைப் பிணமாக்கிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அதற்கு நியாயம் வேறா?

"மன்னிச்சுக்கங்கன்னு சொன்னா கொறைஞ்சா போயிருவீங்க, அண்ணே?"

மன்னிப்புக் கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்ததுதான். அந்த 'அண்ணே'தான் தடுத்துவிட்டது.

ராசம்மா ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள். ஒப்பாரி வைத்த பெட்டி வாசற்படி ஏறக் கூடாது. இன்னொன்றும் சொன்னாள். கொழும்புக்குப் போனது போதும்... இனிமேல் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பெட்டி வந்த வண்டியிலேயே திரும்பியது. கேட்காமலே கோகுலராஜ் அதைத் தன் கடையின் மேல்மாடியில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டான். மழை படாது, எப்போது வேண்டுமானாலும் வந்து வாசிக்கலாம் என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனான். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் இப்படித்தான் கேட்பார்கள்.

*

பெட்டிக்குள் இருந்தது டபுள் பேஸ். வயலினை ஆள் உயரத்துக்கு வளர்த்துவிட்டது போல் ஒரு வாத்தியம், நிற்க வைத்து வாசிப்பது. அது அவளுடையதல்ல, பல்கலைக்கழகத்துடையது. கொழும்பில் மூன்று வருடமாக அவள் ஜாஸ் படிக்கிறாள். இன்னும் ஒரு வருடம் மிச்சமிருக்கிறது. நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலின் இசைக்குழுவில் பேஸ் வாசித்தவர் கப்பல் வேலைக்குப் போய்விட, அவளுடைய விரிவுரையாளர் இவள் பெயரைச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் ஏப்ரல் சுற்றுலாச் சீசன் முழுக்க வேலை... கடைசி வருடச் செலவுக்கு அம்மாவின் கையை எதிர்பார்க்கத் தேவையில்லை.

ஆனால் அம்மாவுக்கு ஜாஸும் தெரியாது, பேஸும் தெரியாது. சங்கீத டீச்சர் வேலைக்குப் படிக்கிறேன் என்றுதான் அவள் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பொய் அம்மாவின் ஒப்பாரிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்று யார் கண்டது!

மறுநாள் டவுனில் வேலையிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வந்தாள். அதற்கடுத்த நாளும் அதே வேலை இருந்தது. கூரைத் தகரங்களுக்கும் பைப்புகளுக்கும் நடுவில் நின்று வாசித்தாள். முதல் நாள் கோகுலராஜ் கீழேயே இருந்தான், முகத்தைக் காட்டவில்லை. ஆனால் மேலே ஏதோ ஒரு தாழ்ந்த சுரம் விழும்போதெல்லாம் கல்லா மேசையில் ஆணித் தட்டு தானாக நடுங்கியது. பூட்டு வாங்க வந்தவர் மேலே என்ன மெஷின் ஓடுகிறது என்று கேட்டார்.

இரண்டாம் நாள் அவன் மெல்லப் படியேறிப் போனான்... காரணம் தெரிந்துகொள்ளத்தான். வேறொன்றுமில்லை.

"அந்தச் சத்தத்தத் திரும்ப ஒருக்கா போடுங்க."

போட்டாள். சுவரோரம் சாய்த்திருந்த தகரங்களில் ஒன்று மட்டும் 'ம்ம்ம்' என்று முனகியது. இன்னொரு சுரம் போட்டாள். அது சும்மா இருந்தது, பக்கத்துத் தகரம் பேசியது. அவன் காதைத் தகரத்தில் வைத்தான். கையை வைத்தான். இடையில் ஒரு சாக்கைச் செருகிப் பார்த்தான், எடுத்துப் பார்த்தான். இத்தனை வருடமாக இந்தத் தகரங்களை விற்கிறான். ஒன்றாவது அவனிடம் வாய் திறந்ததில்லை.

அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். 'கோபக்காரன் என்று நினைத்தேனே... சின்னப் பிள்ளை மாதிரி தகரத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறான்.' வந்த சிரிப்பை வாத்தியத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மறைத்துக்கொள்ள வசதியான வாத்தியம் அது.

அன்றிலிருந்து அவனுக்குத் தினமும் ஒரு கேள்வி பிறந்தது. ஜாஸ் என்றால் என்ன? ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து தொடங்குவோம், பிறகு ஒவ்வொருவராக அந்த இடத்திலேயே புதிதாக உண்டாக்கி வாசிப்போம், கடைசியில் மெட்டுக்குத் திரும்பி வந்துவிடுவோம் என்றாள். வழி தவறிப் போனால்? தவறாமல் பார்த்துக்கொள்கிறதுதான் பேஸின் வேலை... அது நடந்துகொண்டே இருக்கும், மற்றவர்கள் அதன்மேல் ஆடிப் பாடுவார்கள். அப்படியானால் நீங்கள்தான் லொறி, மற்றதெல்லாம் சாமான் என்றான் அவன். மூன்று வருடத்தில் எந்த விரிவுரையாளரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

இதை உண்டாக்கியவர்கள் யார் என்று கேட்டான். கப்பலில் ஏற்றி அடிமையாகக் கொண்டுபோனவர்களின் பிள்ளைகள் என்றாள். வயலில் வேலை செய்கிறபோது பாடிய பாட்டும் அதற்குள் இருக்கிறது. முதல் வருடம் அந்தப் பாடத்தைப் படித்தபோது, வகுப்பில் எல்லோரும் குறிப்பு எழுத, தான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் சொன்னாள். 

இந்த வாத்தியத்தை எப்படிப் பிடித்தாள் என்பதும் ஒரு கதை. எல்லோரும் கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் ஓடியபோது, இது மூலையில் நின்றது. தூக்க முடியாது, விரல் புண்ணாகிவிடும் என்று பயமுறுத்தினார்கள். கொழுந்து பறிக்கிறவள் மகளையா விரல் புண்ணாகும் என்று பயமுறுத்துவது? போய்த் தூக்கிக்கொண்டாள்.

ஒருநாள் கடைக்காரன் புத்தி வெளியே வந்தது. இதைப் படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும்?

அவளுக்கு இந்தக் கேள்வி பழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் கேட்பது வாயை அடைக்க. இவன் கேட்டது நிஜமாகவே தெரிந்துகொள்ள. அதனால் ஆசையாகச் சொன்னாள். கூடப் படித்த அக்கா ஒருத்தி உல்லாசக் கப்பலில் வாசிக்கிறாள், நோர்வேயிலிருந்து பனிமலை படம் அனுப்பினாள். இன்னொருவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து டிவி நாடகங்களுக்கும் விளம்பரங்களுக்கும் இசையமைக்கிறார்... போனில் ஏதோ ஒன்றைத் திறந்தால் 'டிங்' என்று வருகிற சத்தம்கூட யாராவது ஓர் இசைக்காரர் யோசித்துப் போட்டதுதான் என்றாள். அவன் உடனே போனை எடுத்து அந்த 'டிங்'கைத் திரும்பத் திரும்பக் கேட்டான். ஒலிப்பதிவுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு இசையால் தைரியம் கொடுக்கிற வேலைக்கு மேற்கொண்டு படிக்கப் போனவன் ஒருவன். டீச்சராகவும் போகலாம், அதுவும் பொய்யில்லை.

"அதோட பேஸ் வாசிக்கிறவங்க கொறச்சல். அதனால ஒரே ஆள நாலு பேண்ட் கூப்பிடும்."

"அப்ப தட்டுப்பாடான சரக்குன்னு சொல்லுங்க." அவன் முகத்தில் வியாபாரியின் மரியாதை தெரிந்தது. "இதுல நீங்க எதுக்குப் போகப் போறீங்க?"

"தெரியல. அதத் தெரிஞ்சுக்கத்தான் அந்தக் கடைசி வருசம் வேணும்."

அவன் அவள் கண்களைப் பார்த்தான். அவற்றில் பயம் இருந்தது, ஆசையும் இருந்தது. வெளியே சாயங்கால மழை தொடங்கியது. மேல்மாடித் தகரங்கள் எல்லாம் அன்று ஒரே நேரத்தில் முனகியது போல் அவனுக்குத் தோன்றியது... அவள் வாசிக்கவே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தான்.

இன்னொன்றையும் கவனித்தான். அவள் 'அண்ணே' என்று கூப்பிட்டுச் சில நாளாகிறது.

*

வெள்ளிக்கிழமை. கடையின் பின்பக்கப் படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். உள்ளே கஜேந்திரன் முதலாளியின் குரல். தினமும் மேலே வந்து போகிற பிள்ளை யார், பஜாரில் நாலு பேர் கேட்கிறார்களே என்று மகனை விசாரித்துக்கொண்டிருந்தார்.

கோகுலராஜின் பதில் தெளிவாகக் கேட்டது.

"யாரோ லயத்துப் புள்ளப்பா. சாமான் வச்சிருக்கு. ஞாயித்துக்கெழம எடுத்துட்டுப் போயிரும்."

யாரோ...

அப்பாவின் வாயை மூட அவசரத்துக்குச் சொன்ன பொய் அது. சொன்ன மாத்திரத்திலேயே அவனுக்கு நாக்கில் கசந்தது. ஆனால் படியில் நின்றவளுக்கு அது எப்படித் தெரியும்? தகரத்தில் காது வைத்துக் கேட்டவனா இது! அழவில்லை, அழுதால் அவனுக்கு மரியாதை கொடுத்ததாகிவிடும். திரும்பி நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன், இதுவரைக்கும் இடம் கொடுத்ததற்கு நன்றி என்று போனில் ஒரு மெசேஜ். அதன் முடிவில் ஒரு வார்த்தை சேர்த்தாள்... 'அண்ணே.'

பஸ்ஸில் போகும்போதுதான் நெஞ்சில் ஒன்று தைத்தது. யாரென்று சொல்லத் தைரியமில்லை என்று அவனைக் குறை சொல்கிறோமே... அம்மாவிடம் நான் யாரென்று நான் சொல்லிவிட்டேனா?

அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கிருஷாந்தி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் வேலைக்கு மட்டும் படிக்கவில்லை. படிப்பதன் பெயர் ஜாஸ். என்ன ஆவேன் என்று இன்னும் தெரியாது. ஆனால் அந்த வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் நான் நானாக இருக்கிறேன்... பொய் சொன்னதற்கு மன்னித்துவிடு.

ராசம்மா தட்டிய ரொட்டியைக் கல்லில் போட்டாள்.

"அன்னைக்கி நா அழுததெல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"செத்த புள்ளைக்கு அழுகுறப்ப பொய் சொல்லி அழக் கூடாதுடி. நீ என்னைய பொய் பாட வச்சிட்ட."  முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எந்தப் பெட்டிக்கு ஒப்பாரி வச்சேன்னு நா பாக்க வேணாமா? ஞாயித்துக்கெழம நானும் வாரேன். அது என்ன பேசுதுன்னு கேக்குறேன். அப்புறம் சொல்றேன், போறதா வேணாமான்னு."

*

சித்திரைப் புத்தாண்டுச் சமயத்தில் வண்டி கிடைப்பதாவது! தேடிக் களைத்து, ஞாயிறு காலையில் தாயும் மகளும் ஹார்ட்வெயார் கடை வாசலில் வந்து நின்றார்கள். கடை நிறைய ஆட்கள். கல்லாவில் கஜேந்திரன். ராசம்மா நேராக அவரிடமே போனாள்.

"மொதலாளி, எம்மகளோட பெட்டி ஒங்க மேல்மாடில இருக்கு. எடுத்துட்டுப் போக வந்திருக்கோம்."

யார் மகள் என்று அவர் கேட்க வாயெடுப்பதற்குள், பின்னாலிருந்து பதில் வந்தது.

"கிருஷாந்திப்பா."

 கோகுலராஜ் கையிலிருந்த பெயின்ட் டின்னைக் கீழே வைத்தான். காது இரண்டும் சிவந்திருந்தன. 

"யாரோன்னு அன்னைக்கி ஒங்ககிட்ட சொன்னது பொய்யி. இவங்க பேரு கிருஷாந்தி. கொழும்புல ஜாஸ் படிக்கிறாங்க. இவங்க வாசிக்கிறதக் கேக்கத்தான் நா தெனம் மேல போனேன். இன்னைக்கி நுவரெலியாவுல இவங்களுக்குப் பெரிய வேல இருக்கு. நாந்தான் கூட்டிட்டுப் போவேன்."

கஜேந்திரன் மகனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ராசம்மாவைப் பார்த்தார். கல்லாவைத் திறந்து லொறிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"மழைக்கு முந்திப் போய்ட்டு வா. மத்தத வந்ததுக்கப்புறம் பேசிக்குவோம்."

பெட்டியை ஏற்றினார்கள். கோகுலராஜ் டாஷ்போர்டைத் திறந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்தான். புதுத் துணி, மடிப்புக் கலையவில்லை. எப்போது வாங்கியது என்று கிருஷாந்தி கேட்கவில்லை, கண்ணால்தான் கேட்டாள். அந்த முதல் நாள் சாயங்காலமே வாங்கிவிட்டேன் என்றான் அவன், கயிற்றைப் பார்த்துக்கொண்டு.

அவன் கட்டப் போனபோது ராசம்மா அந்தத் துணியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறபோது இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டுவது போல், இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தாள்.

"நீ கட்டுனது போதும் தம்பி. நா கட்டுறேன்."

லொறியின் முன்சீட்டில் மூன்று பேர். நடுவில் ராசம்மா. நுவரெலியா வரைக்கும் இப்படித்தான். அவன் ரோட்டையும் அவள் ஜன்னலையும் பார்த்துக்கொண்டு, ஒருவர் மூச்சை ஒருவர் எண்ணிக்கொண்டு... நடுவிலிருந்தவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஹோட்டலில் பியானோக்காரரும் டிரம்ஸ்காரரும் காத்திருந்தார்கள். ராசம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவள் அதன் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்து மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள். முதலில் பியானோ. பிறகு... கிருஷாந்தி.

அடி வயிற்றிலிருந்து எழுந்து வருவது போல் ஒரு சத்தம். நடந்தது. படி இறங்கியது, ஏறியது, வழி தவறாமல் நடந்தது. மேசையில் தண்ணீர்க் கிளாஸ் மெல்ல அதிர்ந்தது. பியானோக்காரர் தன் முறை முடிந்ததும் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். இப்போது அவள் தனியாக உண்டாக்க வேண்டும். ஒரு கணம் நின்றாள்... பிறகு விரல்கள் மெதுவாக ஒரு மெட்டைத் தொட்டன. ராசம்மாவின் கை கிளாஸைப் பிடித்துக்கொண்டது. அது அவள் பாடிய மெட்டு. பெட்டியின்மேல் விழுந்து அவள் பாடிய அதே மெட்டு, ஆனால் இப்போது அழவில்லை, நடந்தது. நடந்து நடந்து எங்கேயோ வெளிச்சமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வாசித்து முடிந்ததும் டிரம்ஸ்காரர் கேட்டது ஒன்றுதான், நாளைக்கே வர முடியுமா என்று.

ராசம்மா மகளிடம் வந்தாள். வாத்தியத்தின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள்.

"நீ வயித்துல இருந்தப்ப இப்பிடித்தான் ஒதைச்ச." கொஞ்சம் சிரித்தாள். "போடி, போய்ப் படிச்சு முடி. இத இனிமே ஊரான் மாடியில எதுக்குப் போட்டு வைக்கணும்? வீட்டுக்கே கொண்டா."

அதைச் சொல்லிவிட்டு, ஹோட்டலைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று அவள் தோட்டப் பக்கம் போய்விட்டாள். மழை பிடித்துக்கொண்டது. வாசல் கூரையின் கீழ் கோகுலராஜ் கயிறு சுற்றிக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது... ஆனால் என்னவோ கயிறு மட்டும் கையில் சிக்கிக்கொண்டே இருந்தது.

"அப்ப இனிமே கடைக்கு வர மாட்டீங்க."

"பெட்டி வீட்டுக்குப் போகுதே."

"இல்ல... தகரமெல்லாம் பேசிப் பழகிருச்சு. அதுங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

அவள் ஓர் அடி கிட்டே வந்தாள். அன்று ஸ்டேஷனில் போலவே இமையில் ஒரு துளி.

"தகரத்துக்கு மட்டுந்தானா?"

கோகுலராஜ் கயிற்றைக் கீழே போட்டான். கல்லாவில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் விலை பேசுகிறவனுக்கு அந்த ஒரு வாக்கியம் பேச எத்தனை சிரமம்!

"எனக்குத்தான் கிருஷாந்தி. தகரத்துக்கு ஒண்ணுமில்ல. ஒங்க சத்தம் இல்லாம எனக்குத்தான் முடியாது. ஒங்கள எனக்கு அவ்வளவு புடிச்சிருக்கு. நீங்க கொழும்புல படிங்க, கப்பல்ல போங்க, என்ன வேணும்னாலும் ஆகுங்க. நா இங்கதான் இருப்பேன்... கேட்டுக்கிட்டு."

அவள் வாய் திறப்பதற்குள் ராசம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். பதில் அப்படியே நின்றுபோயிற்று.

திரும்புகிற வழியெல்லாம் அந்தப் பதில் ராசம்மாவைத் தாண்டிப் போக வழியில்லாமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. முச்சந்தியில் பேச்சியம்மா நின்றாள். ராசம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நல்லாப் பாத்துக்க, சிவப்புத் துணி என்று சத்தமாகச் சொன்னாள்.

லயத்து வாசலில் பெட்டியை இறக்கினார்கள். முன்பக்கம் கோகுலராஜ், பின்பக்கம் கிருஷாந்தி. ராசம்மா சூடம் கொளுத்திச் சுற்றினாள், நெருப்பைத் தாண்டி வலது காலை வைத்து உள்ளே வரச் சொன்னாள். பெட்டியைத்தான் சொன்னாள். ஆனால் பெட்டிக்கு ஏது கால்? தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பேரும் வலது காலை எடுத்து வைத்துத்தான் உள்ளே போனார்கள்.

அவன் விடைபெறும்போது, பெட்டியின் நுனியிலிருந்த சிவப்புத் துணியை அவிழ்க்கக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். நாளைக்கு ஹோட்டலுக்கும், நா படிக்கத் திரும்பிப் போறப்ப ஸ்டேஷனுக்கும் இத யாரு கொண்டு போறது?"

"சொல்லுங்க, நா வாரேன்."

"சொல்லணுமா..." அவள் தலை குனிந்தது. குரல் அந்த வாத்தியத்தின் தாழ்ந்த சுரத்தைவிடத் தாழ்ந்தது. "எனக்கும் அப்பிடித்தாங்க. அன்னைக்கி ஸ்டேஷன்ல இல்ல... நீங்க தகரத்துல காது வச்சிக்கிட்டு நின்னீங்களே, அன்னைக்கே."